கரை ஆள்

"பஸ்ஸு முழுகிடும்னு பயம்போலடி அதுக்கு."

பின் சீட்டில் அந்தக் கல்லூரிப் பெண் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கூட இருந்தவள், "நமக்கும் ஒண்ணு குடுப்பாங்களான்னு கேளேன்" என்றாள். பரவாயில்லை அக்கா, சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மரக்காணத்தில் ஒருத்தி ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சென்னை பஸ்ஸில் ஏறினால் யாருக்கும் சிரிப்பு வரும்.

நீங்கள் சிரிக்கவில்லை. "கழட்டி மடியில வெச்சுக்கயேன்மா, வேர்க்குதே" என்றீர்கள். அப்புறம், "எதுக்கும்மா இது?" என்று கேட்டீர்கள். கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். நான் அப்படித்தான். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காமல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. காலேஜில் வருகைப்பதிவுக்கு "உள்ளேன்" சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கவிதான், "மேம், சாருமதி வந்திருக்கா மேம்" என்று சொல்வாள்.

சங்கவியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இது அவளுடைய ஜாக்கெட்.

நாங்கள் மூன்று பேர். நான், சங்கவி, எட்வின். மூன்று பேரும் சென்னையில் புவியியல் எம்.எஸ்ஸி. படித்தோம். சங்கவிக்கு மரக்காணம். மாதம் இரண்டு தடவை இதே சாலையில், இதே மாதிரி பஸ்ஸில் ஊருக்குப் போய் வருவாள். நானும் சிலமுறை கூடப் போயிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பக்கிங்காம் கால்வாய் வரும், மறையும், ஏதாவது பாலத்தைத் தாண்டியதும் அடுத்த பக்கத்தில் வரும். ஒருநாள் அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "சாரு, இந்தத் தண்ணி எங்க வீட்டுக்குத்தான் போகுது. நான் எதுக்கு பஸ்ஸுல போறேன்?" என்றாள்.

அவ்வளவுதான் ஆரம்பம். ஒரு விளையாட்டுப் பேச்சு.

எட்வினிடம் சொன்னாள். அவனுக்குத் தண்ணீர் என்றால் பைத்தியம். பழைய காயாக் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். மஞ்சள் நிறம், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற படகு. இரண்டு பேர்தான். நான் மூன்றாவது ஆள். எனக்கு நீச்சலும் தெரியாது. "நீ கரை ஆள்" என்றாள் சங்கவி. அதாவது, அவர்கள் தண்ணீரில் வரும்போது நான் சாலை வழியாக முன்னே போய், ஒவ்வொரு பாலத்திலும் சாப்பாடு, குடிநீரோடு நிற்க வேண்டும். பாலம் கண்ணில் பட்டதும் அவள் "கரை!" என்று கத்துவாள். நான் "இருக்கேன்!" என்று திரும்பக் கத்த வேண்டும். ஹாஸ்டல் மொட்டை மாடியில் என்னைக் கத்தவைத்துப் பழக்கினாள். எனக்கு வரவே இல்லை. "பூனை தும்மற மாதிரி இருக்கு. அந்தப் பாலத்துல லாரி போனா எனக்கு எப்படிடி கேக்கும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் நோட்டு என்னுடையது. திட்டம் முழுக்க நான் எழுதியது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். முட்டுக்காட்டில் இறங்கி ஐந்தாம் நாள் மரக்காணத்தில் கரையேறுவது. நகரத்துக்குள் கால்வாய் சாக்கடை, அதனால் முட்டுக்காடு. தை மாதம் பொங்கல் கழிந்து கிளம்பினால் வாடைக்காற்று முதுகில் தள்ளும். எந்த இடத்தில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், எந்தப் பாலம் தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்வு, எந்த வளைவில் தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லாமல் படகைத் தூக்கி நடக்க வேண்டும், எங்கே அனுமதி கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் படகை எங்கே வண்டியில் ஏற்ற வேண்டும், எல்லாம். ஒவ்வொரு ஞாயிறும் போய் நின்று பார்த்து எழுதினேன். கரையில் பேசுகிறவர்கள் பேச்சையும் எழுதினேன். எனக்கு யாரையும் கேட்கத் தெரியாது. ஆனால் காது நல்ல காது. ஓரமாக நின்றால் எல்லாம் தானாக வந்து விழும். தேதி, நேரம் போட்டு எழுதிவிடுவேன்.

பாலம் வருகிறது அக்கா. ஒரு நிமிடம்.

...

ஒன்றுமில்லை. பாலம் தாண்டும்போது நான் பேசமாட்டேன். பேசினால் கேட்காது. என்ன கேட்காது என்றா? அது அப்புறம்.

சங்கவியின் அம்மா புஷ்பராணி டீச்சர். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அப்பா இல்லை. திட்டத்தைக் கேட்டதும் டீச்சர் முதலில் திட்டினார்கள். "பஸ்ஸு ஓடுதில்ல? பொம்பளப் புள்ள கால்வாயில மெதந்து வரணுமா?" அப்புறம் நாள் நெருங்க நெருங்க அவர்களுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. கடைசிப் பாலத்தில் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். என்ன சமைப்பது என்றுகூட முடிவாகிவிட்டது. "தண்ணி வழியா வர்றவளுக்கு எறா வேணாம், நாட்டுக்கோழி வெக்கிறேன்" என்றார்கள். அதையும் நோட்டில் எழுதினேன். ஐந்தாம் நாள், மாலை நான்கு மணி, நாட்டுக்கோழி.

பெரிய பயணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றான் எட்வின். மார்கழியில், ஒரு சனிக்கிழமை. ஆலிக்குப்பத்தில் இறங்கி அடுத்த பாலம் வரைக்கும். நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. வழியில் ஓர் இடத்தில் மட்டும் முகத்துவாரத்துக்குப் பின்பக்கமாகக் கடக்க வேண்டும். முகம் என்றால் உப்பங்கழியும் கடலும் சேருகிற இடம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பாதி நாள் மணல் மேடிட்டு அடைத்துத்தான் கிடக்கும். மழைத்தண்ணீர் உள்ளே ஏறி வீடுகளைத் தொடும்போல இருந்தால் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய் மணலில் ஒரு வாய்க்கால் கீறிவிடுவார்கள். முகம் வெட்டுவது என்று பேர். ஆள் தாண்டுகிற அகலம்தான் வெட்டுவார்கள். மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும்.

எட்வின் போனில் கடல் ஏற்றவற்றம் பார்த்தான். "எட்டரைக்குக் கடல் வத்தி முடியுது. அதுக்கப்புறம் ஏத்தம்தான். முகத்துல தண்ணி உள்ள தள்ளுமே தவிர வெளிய இழுக்காது. எட்டு அம்பதுக்குக் கிளம்பலாம்" என்றான். அவன் கணக்கு அது. அவனுடைய கணக்கு. அதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனைப் பார்த்தது அவன், நேரம் குறித்தது அவன். அவன் பார்த்தது கடலை. கழியை அவன் பார்க்கவில்லை.

அவர்கள் படகை இறக்கி, துடைத்து, காற்றுப் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்.

"நேத்து சாயந்திரம்தான முகம் வெட்டுனாங்க. கடல் ஏறினா என்ன, உச்சிப்பொழுது வரைக்கும் உள்தண்ணி வெளியதான் ஓடும். இன்னிக்கு எவனும் கழியில எறங்க மாட்டான்."

மற்றவள், "எறங்கினா நேரா கடல்தான்" என்றாள்.

எழுதிக்கொண்டேன். எட்டு இருபது, ஆலிக்குப்பம் துறை, நண்டு பிரிக்கும் பெண்கள். அடியில் கோடும் போட்டேன், முக்கியமான தகவல் என்று.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் அக்கா?

எட்வினிடம் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். இரண்டு அடி வைத்தேன். அவன் சங்கவியோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான், எந்தப் பக்கத் துடுப்பு முதலில் என்று. இடையில் எப்படிப் புகுவது? பேச்சு நிற்கட்டும் என்று நின்றேன். அவன் கணக்கை யார் முன்னாலாவது தப்பு என்று சொன்னால் அவன் முகம் சிவந்துவிடும். அந்தப் பெண்கள் சொல்வதுதான் சரி என்று எனக்கு மட்டும் என்ன நிச்சயம்? "சாரு, ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நோட்டைத் திறந்து காட்டியிருப்பேன். அவன் கேட்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

சங்கவி ஜாக்கெட் மாட்டினாள். இதோ, இதில் மூன்று பக்கிள் இருக்கின்றன, பாருங்கள். இரண்டைப் போட்டுவிட்டு, "மூணாவது வேணாம், மூச்சு முட்டுது" என்று விட்டுவிட்டாள். பார்த்தேன். பார்க்காமல் இல்லை. என் கண்ணில் படாதது எதுவும் இல்லை.

எட்டு ஐம்பதுக்குக் கிளம்பினார்கள். அவள் முன் சீட்டு. திரும்பிப் பார்த்து, "கரை! பாலத்துல பாக்கலாம்" என்று துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். நான் கையை அசைத்தேன்.

பாலத்தில் நின்றேன். புளிசாதம், மோர், குடிநீர், எல்லாம் எடுத்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரை, பத்து, பத்தரை. கீழே தண்ணீரில் ஒரு தென்னை மட்டை போனது. அது முகத்துவாரப் பக்கமாகத்தான் போனது. அதையும் நேரம் போட்டு எழுதினேன்.

பதினொன்றேகாலுக்கு எட்வின் கரையோரமாக நடந்து வந்தான். தனியாக. ஒரு காலில் செருப்பு இல்லை.

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? முகத்தில் இழுத்துக் கடலுக்குள் கொண்டுபோயிருக்கிறது. அலை உடைகிற இடத்தில் படகு புரண்டது. சங்கவியின் ஜாக்கெட் மேலே ஏறித் தலையை மூடிக்கொண்டது என்றார்கள். அடிப்பக்கம் கட்டாமல் இருந்ததால். ஊர்க்காரர்கள்தான் கட்டுமரத்தில் போய் அவளைக் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் சங்கவியின் மாமா எட்வினை அறைந்தார். "போனப் பாத்துக் கடல அளந்தியாடா?" என்று அறைந்தார். எட்வின் கன்னத்தில் கை வைக்கவில்லை. "ஆமா சார். என் கணக்குதான் தப்பு" என்றான். மறுபடியும் அறைந்தார். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். பைக்குள்தான் நோட்டு. போலீஸ்காரர் என்னையும் விசாரித்தார். "நீ தண்ணிக்குள்ள எறங்கினியாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஓரமா நில்லு" என்றார். நின்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதன்பிறகு எட்வினை அந்த வீட்டு வாசலில் யாரும் நிற்கவிடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து தெருமுனையோடு திரும்பிப் போனான். படிப்பை விட்டான். கடற்கரைச் சாலையில் போகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லையாம், திண்டிவனம் சுற்றித்தான் போகிறானாம். பாவம்தான். கணக்கு போடுகிறவன் சரியாகப் போட வேண்டாமா?

நான் மட்டும் போவேன். மாதம் ஒரு ஞாயிறு. டீச்சருக்கு நான்தான் சங்கவி மாதிரி. போனால் திட்டத்தைப் பற்றியே கேட்பார்கள். "ரெண்டாம் நாள் எங்க தங்கறதா இருந்துது?" "அந்தப் பள்ளிக்கூட வராந்தாவுல மின்விசிறி இருக்குதா?" "கூவத்தூர்ப் பக்கம் தண்ணி நல்லா இருக்குமா சாரு?" கேட்பார்கள், சொல்வேன். சித்திரை மாதம் நோட்டையே வாங்கி வைத்துக்கொண்டார்கள், மகளுடைய கையெழுத்து எங்காவது இருக்கும் என்று. இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் படகு படம் போட்டு என்னைக் கரையில் பூனையாக வரைந்திருந்தாள்.

ஆடியில் ஒருநாள் டீச்சர் சொன்னார்கள்: "தையில போலாம் சாரு. மொதல்லேருந்து, முட்டுக்காட்டுலேருந்து. அவ சீட்டுல நான் உக்கார்றேன். வீட்டுக்கு வர்றேன்னு சொன்னவ, யாராவது ஒருத்தர் அந்த வழிய முடிச்சுவெக்கணும்ல." படகை போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. வீட்டுக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஜாக்கெட் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில். அம்பத்து மூன்று வயது, தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பார்கள். நான் சரி என்றேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"நோட்டு கசங்கிப்போச்சு. புதுசா ஒண்ணுல அழகா எழுதிக் கொண்டா" என்று கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் திறந்து பார்த்தேன். ஆலிக்குப்பம் பக்கத்தில் ஒரு காய்ந்த கனகாம்பரம் இருந்தது. பூஜையில் வைத்திருப்பார்கள், பூ உதிர்ந்து விழுந்திருக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். அது வெள்ளோட்டத்துக்கான குறிப்புதானே? புதுப் பயணத்துக்கு அதனால் என்ன பயன்? அந்த முகம் இந்நேரம் மூடியிருக்கும்.

மறுபடியும் பாலம். பொறுங்கள்.

...

கேட்டதா உங்களுக்கு? லாரிச் சத்தம்தான். ஆனால் லாரிச் சத்தத்துக்கு அடியில் அவள் கூப்பிடுகிறாள் அக்கா. "கரை!" என்று. ஒவ்வொரு பாலத்திலும். மரக்காணத்தில் ஏறினதிலிருந்து இது மூன்றாவது. நானும் பதில் சொல்லத்தான் பார்க்கிறேன். பூனை தும்மற மாதிரிதான் வருகிறது.

இன்றைக்குத் திதி. ஒரு வருஷம். மாமா வீட்டில் காலையிலேயே முடித்துக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே போனால் கூடத்தில் எட்வின் உட்கார்ந்திருக்கிறான். ஆளே பாதியாகிவிட்டான். டீச்சரே போன் போட்டு வரவழைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனை எதற்கு?

மூன்று இலை போட்டார்கள். இலைக்கு முன்னால் பழைய நோட்டையும் புது நோட்டையும் வாங்கி, அருகருகே விரித்து, விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் காப்பி நோட்டைத் திருத்துகிற மாதிரி. பாதிக்கு மேல் போய் நின்றார்கள்.

"ஒரு வரி விட்டுட்ட, சாரு."

டீச்சர் கண் அல்லவா, தப்புமா. சிவப்புப் பேனா எடுத்து, பழையதைப் பார்க்காமலே, மனப்பாடமாக, புது நோட்டில் அந்த வரியை எழுதினார்கள். அடியில் கோடும் போட்டார்கள். அப்புறம் சாதம் பரிமாறினார்கள். எட்வின் முதல் வாய் எடுக்கும்போது என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் கேக்கறேன் சாரு. அன்னிக்குக் காலையில அந்தப் பொம்பளைங்க என்ன பேசிக்கிட்டாங்க?"

கேட்டார்கள். சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதானே உங்களிடமும் சொன்னேன்? முகம் வெட்டினது, உச்சிப்பொழுது, உள்தண்ணி, எறங்கினா நேரா கடல்தான், எல்லாம்.

எட்வின் சாதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தன மணிக்கு?" என்றான்.

"எட்டு இருபது."

"நாங்க எறங்குனது?"

"எட்டு அம்பது."

"அர மணி நேரம்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இலையைப் பார்த்துச் சொன்னான். கையிலிருந்ததை மெதுவாக இலையில் வைத்தான். எழுந்து கொல்லைப்பக்கம் போனான். குழாய்ச் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. அப்புறம் படகைத் தரையில் புரட்டுகிற சத்தம் கேட்டது. நிமிர்த்துகிறான் என்று தெரிந்தது.

"டீச்சரம்மா, நீங்க யாரும் என்னைக் கேக்கவே இல்லையே" என்றேன்.

அவர்கள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். கையைக் கழுவினார்கள். முந்தானையில் துடைத்தார்கள். சமையலறைக் கதவைச் சாத்தி, அதன் பின்னால் ஆணியில் தொங்கிய இதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"தையில முன் சீட்டுல நான் உக்காரல. நீ உக்காரு" என்றார்கள். "எட்வின் பின்னால இருப்பான். நான் பாலத்துல நிக்கிறேன்."

எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"கையத் தூக்கு."

தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி ஒரு கையை நுழைத்து, அடுத்த கையை நுழைத்து, முன்பக்கம் இழுத்துவிட்டார்கள். உப்பு வாடை அடித்தது. முதல் பக்கிளைப் போட்டார்கள். இரண்டாவதைப் போட்டார்கள். மூன்றாவதன் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்கள்.

"முட்டுது" என்றேன்.

இன்னும் ஓர் இழுப்பு இழுத்து, மூன்றாவதையும் மாட்டினார்கள்.